கல்லாற்றுப் பாறையில் ஒருவர்

அத்தியாயம் 9

அழைப்பிதழ் வந்து பத்து நாளாகியும் செல்லபாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடிக்கு அடியில் கிடந்தது. வழவழப்பான அட்டை. மேலே, "ராஜமணி – செல்லபாய்: நாற்பது வருட ஓவியங்கள்" என்று பெரிய எழுத்து. நடுவில், வீட்டுக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த கல்லாற்றுப் படம். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், "ராஜமணி, 1974."

அந்தச் சின்ன எழுத்தை மாமியார் செல்லபாய் கட்டைவிரலால் தேய்ப்பதை லிபி இரண்டு முறை பார்த்திருந்தாள். அழுக்கைத் துடைக்கிறார் என்று நினைத்தாள்.

இன்று சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா. லிபியின் கணவன் ரதீஷ் விடிந்ததும் வழுதக்காட்டிலுள்ள காலரிக்குப் போய்விட்டான். கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் லீவு சொல்லியிருந்தான். அப்பாவும் அம்மாவும் வரைந்த படங்களை ஒரே இடத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக அலைந்தவன் அவன். மாமனார் ராஜமணி முடிவெட்டப் போயிருந்தார். மாமியாரை நான்கு மணிக்கு அழைத்து வருவது லிபியின் பொறுப்பு.

ஒரு மணிக்கே செல்லபாய் அறையிலிருந்து வெளியே வந்தார். கட்டிலில் எடுத்து வைத்த பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் உடுத்தியிருந்தது பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன பழைய கைத்தறி. காலில் செருப்பு. கையில் அந்த அட்டை.

"லிபி, ஒரு ஆட்டோ பிடி."

"இப்பவா மாமி? நாலு மணிக்குன்னுல்லா அவரு சொன்னாரு."

"நாலு மணிக்குப் போனா நான் விருந்தாளி. எனக்கு இப்ப அங்க வேலை உண்டு."

"என்ன வேலை?"

"ஒரு படம் ஆளு மாறிக் கெடக்கு."

ஆட்டோ கரமனைப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு லாரி, பின்னால் இரண்டு பஸ். செல்லபாய் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துப் பேசினார்.

"இந்தக் கல்லாத்துப் படம் எனக்கதாக்கும்."

"கீழ மாமாவுக்க கையெழுத்து இருக்கே."

"கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

லிபி காத்திருந்தாள். இரண்டு வருட மருமகள் வாழ்க்கையில் அவள் கற்றுக்கொண்டது இதுதான்: மாமி பேச ஆரம்பித்தால் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது.

"நான் அப்ப கவர்மென்ட் ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். வெளியில படம் வைக்கணும்னா மேல இருந்து அனுமதி வேணும்னு சொன்னாங்க. ரெண்டு வட்டம் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு தடவையும் பதிலே இல்ல. மூணாவது வட்டம் எழுத எனக்கு மனசு வரல்ல. இவருக்க பேரை எழுதி அனுப்பினேன். படம் பிறத்தியாருக்கு முன்னால போகணும், அவ்வளவுதான் அன்னைக்கு."

"மாமா ஒண்ணும் சொல்லலையா?"

"முதல் படத்துக்குச் சொன்னாரு. உனக்க பேரு போகுதே செல்லான்னு. ரெண்டாவது படத்துக்குச் சொல்லல்ல. பெறகு மறந்துட்டாரு."

"மறந்துட்டாரா, மறந்த மாதிரி இருக்காரா?"

செல்லபாய் முதல்முறையாக மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அதைத்தான் இன்னைக்குக் கேக்கணும்."

லாரி நகர்ந்தது.

காலரியின் கூடத்தில் புது வெள்ளைப் பூச்சின் வாசனை இருந்தது. வேலாயுதன் ஏணியில் நின்று கடைசிப் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார். வாயில் நான்கு ஆணி. செங்கோட்டையிலிருந்து வந்து இருபது வருடமாக இந்த ஊரின் சுவர்களில் படம் மாட்டுகிறவர். கீழே, ரசமட்டத்தோடு நின்று "செத்த வலப்பக்கம், செத்த வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சேஷன். கண்காட்சியை அமைப்பவர், கேட்டலாக் எழுதியவர், வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். ரதீஷ் தரையில் முட்டிபோட்டுப் பெயர்ச்சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தான்.

பெரிய கூடம் முழுக்க ராஜமணியின் படங்கள். முப்பத்தெட்டு. அதைத் தாண்டி, தண்ணீர் கூலருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அறை. அங்கே ஒன்பது படங்கள். வாசலில் அட்டை: "செல்லபாய் – வீட்டின் வண்ணங்கள்."

செல்லபாய் முதலில் அந்தச் சின்ன அறைக்குள் போனார். மீன்சட்டி. செம்பருத்தி. தூங்கும் குழந்தை. ஒரு நிமிடம்கூட நிற்காமல் வெளியே வந்தார்.

"வீட்டின் வண்ணங்களா?"

"சேஷன் சாருக்க ஐடியா அம்மா" என்றான் ரதீஷ். "நல்லாத்தானே இருக்கு? நீங்க எதுக்கு இவ்வளவு நேரத்தே வந்தீங்க?"

"நான் வீட்டுல இருந்ததைவிட பஸ்சுல இருந்த நாளுதான் கூடுதல். பஸ்சின் வண்ணங்கள்னு போட்டிருக்கலாம்."

வேலாயுதன் ஆணிகளுக்கு நடுவே சிரித்தார்.

கூடத்தின் நடுச்சுவரில் கல்லாற்றுப் படம் இருந்தது. நான்கடிக்கு மூன்றடி. மழைக்குப் பின் கலங்கி ஓடும் ஆறு. கருத்த பாறை. பாறைமேல் சட்டையில்லாத ஒரு ஆள், குனிந்து, நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் தெரிகிறது. இடது தோளுக்குக் கீழே கொக்கிபோல ஒரு தழும்பு.

லிபி இதை வீட்டுக் கூடத்தில் தினமும் பார்த்தவள். இன்றுதான் பார்த்தாள்.

"வேலாயுதன், அதை எறக்கு" என்றார் செல்லபாய்.

வேலாயுதன் சேஷனைப் பார்த்தார். சேஷன் ரதீஷைப் பார்த்தார்.

"டீச்சர், அது சாரோட மாஸ்டர்பீஸாக்கும்" என்றார் சேஷன். "அதை எடுத்தா இந்த ஹாலே உக்காந்துடும், கேட்டேளா."

"அது எனக்க படம், சேஷன்."

வேலாயுதன் வாயிலிருந்து ஆணிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

ரதீஷ் எழுந்து வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தான். தாழ்ந்த குரலில் பேசினான்.

"அம்மா, இன்னைக்கு வேண்டாம். ப்ளீஸ். விழா கழியட்டும், பின்ன பேசலாம்."

"விழா கழிஞ்சா என்னத்தைப் பேச?"

"அப்பாவுக்கு பி.பி. உண்டு."

"எனக்கும் உண்டு. ஒரே அட்டையில இருந்துதான் ரெண்டு பேரும் மாத்திரை முழுங்குதோம்."

"டி.வி.க்காரங்க வருவாங்க. இத்தனை வருஷம் கள்ளக் கையெழுத்தாக்கும்னு எழுதுவாங்க. அப்பாவுக்க பேரு என்ன ஆகும்?"

"கள்ளக் கையெழுத்துப் போட்டது நான். வரட்டும், என்னைக் கேக்கட்டும். சொல்லுதேன்."

"கேட்டலாக் ஐந்நூறு அடிச்சாச்சு அம்மா."

"அடிச்சது பேப்பர்ல. நான் வரைஞ்சது துணியில."

சேஷனுக்கு வியர்த்தது. "டீச்சர் தப்பா நினைக்கப்படாது. இது தன்னுருவச் சித்திரம். சார்தான் அந்த ஆள். நான் கேட்டலாக்லே விஸ்தாரமா எழுதியிருக்கேன், பாருங்கோ."

கேட்டலாக்கை விரித்து அவரே படித்தார். "பார்வையாளருக்கு முதுகு காட்டும் இத்தன்னுருவம், உலகைப் புறக்கணிக்கும் கலைஞனின் மௌனப் பிரகடனம்."

"உலகத்தை ஒண்ணும் புறக்கணிக்கல்ல" என்றார் செல்லபாய். "கால்ல அட்டை கடிச்சிருந்தது. குனிஞ்சு அதைப் பிடுங்கிட்டு இருந்தாரு."

வேலாயுதன் ஏணியின் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

அப்போதுதான் ராஜமணி வந்தார். புதிதாக வெட்டிய முடி, பிடரியில் பவுடர், வெள்ளை ஜிப்பா, கைத்தடி. வாசலில் நின்று எல்லோருடைய முகத்தையும் பார்த்தார்.

"யாரு செத்துட்டா?"

செல்லபாய்தான் சொன்னார். ஆட்டோவில் சொன்னதையே, அதைவிடச் சுருக்கமாக.

ராஜமணி கோபப்படவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பை லிபி கவனித்தாள். அதில் நடிப்பே இல்லை.

"செல்லா, உனக்கு ஓர்மை பிசகிப் போச்சு. இந்தப் படம் எனக்கு நேத்து வரைஞ்ச மாதிரி இருக்கு. பூஜை லீவு. வித்துராவில பஸ்சு மாறி கல்லாத்துக்குப் போனோம். முந்தின நாளு மழை. நான் அந்தப் பாறையில இருந்தேன். வீட்டுக்கு வந்து மூணு வாரம். பாறைக்க நிறம் மட்டும் நாலு நாளு."

"எல்லாம் உள்ளதுதான்" என்றார் செல்லபாய். "பாறையில இருந்தது நீங்க. எதிர்ல, கரையில, இவனை ஒரு கையில பிடிச்சிட்டு மறுகையில பென்சில் பிடிச்சிருந்தது நான். இவனுக்கு ரெண்டு வயசு. ஆத்துக்குள்ள போகணும்னு துள்ளிட்டு இருந்தான்."

ரதீஷ் படத்தைப் பார்த்தான். உடனே வேறுபக்கம் பார்த்தான்.

கரமனை வீட்டில் படம் வரைய ஒரே அறைதான் இருந்தது. படம் நிறுத்தும் ஸ்டாண்டும் ஒன்றுதான். அதனால் முறை வைத்திருந்தார்கள். ஒருவர் படம் முடியும்வரை மற்றவர் தூரிகை எடுக்க மாட்டார். பின்னால் நிற்பார். வரைகிறவர் பேசக் கூடாது. பின்னால் நிற்கிறவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கல்யாணமான முதல் வாரத்தில் இருவரும் சேர்ந்து வைத்த விதி. செல்லபாய் வரையும்போது ராஜமணி பேசிக்கொண்டே இருந்தார். செல்லபாய் வாய் திறக்கவில்லை. இருபது வருடம்.

லிபிக்கு இது தெரியும். இதை ஒரு வேடிக்கைக் கதையாக ராஜமணியே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பேசிப் பேசியே மனைவியின் படங்கள் அவர் ஞாபகத்தில் அவருடையவையாகிவிடும் என்று யாரும் யோசித்ததில்லை.

"சரி" என்றார் செல்லபாய். "உங்களுக்க முதுகில ஒரு தழும்பு உண்டே."

"உண்டு. சைக்கிள்ல இருந்து விழுந்தது. பாறசாலையில, அறுபத்தொண்ணுல."

"அது எப்படி இருக்கும்?"

ராஜமணி படத்தைப் பார்க்கத் திரும்பினார்.

"படத்தைப் பாக்காண்டாம். என்னைப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்க முதுகில எப்படி இருக்கும்?"

"நீளமா."

"நீளம்னா?"

"நீளம்னா நீளம்தான். இது என்ன சோதனை?"

"உங்களுக்க முதுகை நீங்க எப்ப பாத்தீங்க?"

ராஜமணியின் கை தானாக முதுகுப் பக்கம் போனது.

"கண்ணாடி வச்சுப் பாத்திருப்பேன்" என்றார் ராஜமணி. குரல் சற்று இறங்கியிருந்தது.

"கல்லாத்துக்கு நாம கொண்டு போனது ஒரு தூக்குச்சட்டி சோறும், இவனும். கண்ணாடியை யாரு சுமந்தா?"

"மாமி" என்றாள் லிபி, மெதுவாக. போதும் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

ராஜமணி கைத்தடியைச் சேஷனிடம் கொடுத்தார். ஜிப்பாவைக் கழற்றினார். பிறகு பனியனை. எழுபத்து மூன்று வயது உடம்பு. தோல் தொங்கியிருந்தது. படத்துக்குப் பக்கத்தில் போய், சுவரைப் பார்த்து, எல்லோருக்கும் முதுகு காட்டி நின்றார்.

"அப்பா, என்ன செய்யுதீங்க" என்றான் ரதீஷ்.

"நீ சும்மா இரு. வேலாயுதா, இஞ்ச வா. ஒத்துப் பாரு."

லிபி முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தாள். திருப்பவில்லை.

வேலாயுதன் ஏணியை நகர்த்திப் போட்டு, மூன்று படி ஏறி, படத்தையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். ஆணி அடிக்கும் இடத்தை அளப்பவரின் நிதானம் அவருக்கு.

"வளைஞ்சு வருது சார். கடைசியில ரெண்டாப் பிரியுது. படத்துலயும் அப்படியே பிரியுது."

"ரெண்டாப் பிரியுதா?" சுவரைப் பார்த்தபடியே ராஜமணி கேட்டார்.

"ஆமா சார். கீழ் முனையில. நாக்கு மாதிரி."

"எனக்குத் தெரியாது" என்றார் ராஜமணி.

அவர் திரும்ப வெகுநேரம் ஆனது. திரும்பியபோது முகம் வேறாக இருந்தது. செல்லபாய் ஜிப்பாவை எடுத்து நீட்டினார். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

"அப்ப அந்த மூணு வாரம் நான் என்னதான் செய்தேன்?"

"பின்னால நின்னு பேசினீங்க. பாறைக்கு நீலம் கூட்டு, நீலம் கூட்டுன்னு. நான் கூட்டல்ல."

ராஜமணி பாறையைப் பார்த்தார்.

"கூட்டியிருக்கலாம்."

"இப்பவும் வேண்டாம்."

வேலாயுதன் மறுபடி திரும்பிக்கொண்டார். சேஷன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டலாக்கால் விசிறிக்கொண்டார். பிறகு, ஒரு வழி கிடைத்தவர்போல எழுந்தார்.

"ஒரே ஒரு லேபிள்தானே. மாத்திடலாம். கேட்டலாக்லே ஒரு திருத்தச் சீட்டு வச்சுடலாம். டீச்சரோட அறையிலே இதை மாட்டிடலாம், என்ன?"

"அந்த அறைக்கு இது வராது" என்றார் செல்லபாய். "இது இங்கதான் இருக்கும். பின்ன, ஒண்ணில்ல சேஷன். பதினொண்ணு."

அவர் சுவரோரமாக நடந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னும் ஒரு கணம் நின்று, விரல் நீட்டாமல், தலையை மட்டும் அசைத்தார். போனக்காட்டுத் தேயிலைப் பெண்கள். சாலைத் தெருவில் வெள்ளம். தறியின் அடியில் கிடக்கும் கால்கள். வித்துரா சந்தை. சுவர் முடியுமிடத்தில் நின்று திரும்பினார்.

ரதீஷ் அவரோடு எண்ணிக்கொண்டே வந்திருந்தான். அவன் குரல் உடைந்தது.

"அம்மா, இதெல்லாம்தான் அப்பாவுக்க நல்ல படங்க. இதையும் எடுத்துட்டா அப்பாவுக்கு என்ன மிஞ்சும்?"

"இருபத்தேழு மிஞ்சும். எனக்கு ஒன்பது மிஞ்சினப்ப நீ கேட்டியா மக்களே?"

ரதீஷ் தரையில் கிடந்த பசை டப்பாவின் மூடியை எடுத்து, அதை மூட ஆரம்பித்தான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மீண்டும் மீண்டும் திருகினான்.

"ஒண்ணு தரலாம்" என்றார் ராஜமணி. "கல்லாறு உனக்கது. ஒத்துக்கிட்டேன். மத்ததுல சிலது உனக்கதா இருக்கலாம். ஆனா பதினொண்ணும் இல்ல. வித்துரா சந்தை எனக்கதாக்கும். எனக்கு நல்லா ஓர்மை உண்டு."

"கல்லாறும் உங்களுக்கு நல்லா ஓர்மை இருந்தது."

"அதுல முதுகு உண்டு. சந்தையில எனக்க முதுகு இல்ல. அங்க என்ன வச்சு நீ என்னை மடக்குவே?"

"மடக்க வரல்ல. எனக்கதைக் கேக்க வந்தேன்."

"நானும் எனக்கதைத்தான் சொல்லுதேன்."

இருவரும் ஒரு முழ இடைவெளியில் நின்றார்கள். யாரும் பின்வாங்குவதாகத் தெரியவில்லை. நாற்பது வருடத்தில் ஒரு படத்துக்கு முன்னால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவது இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று லிபி நினைத்தாள்.

மணி இரண்டரை.

"ஐந்து மணிக்கு மங்கலம் அம்மா வந்துடுவா" என்றார் சேஷன். "மெட்ராஸ்லேருந்து இதுக்காகவே வரா. ஓவியக் காலேஜ் பிரின்சிபாலா இருந்தவா. ஒவ்வொரு லேபிளா படிப்பா. நான் என்ன எழுத? யார் பேரை எழுத?"

"சாரமில்ல, ஒண்ணும் ஆகாது, அப்பா பேரே இருக்கட்டும்" என்றான் ரதீஷ். "இன்னைக்கு ஒரு நாளு. நாளைக்கு உக்காந்து முடிவு செய்யலாம்."

"ரதீஷ்" என்றாள் லிபி.

அவன் திரும்பினான். அவள் இவ்வளவு நேரம் அங்கே இருந்ததே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"எங்க ரத்த டெஸ்ட் லேப்ல ஒரு டியூபில பேரு சந்தேகம்னா யாருக்க பேரையும் ஒட்ட மாட்டோம். இன்னைக்கு மட்டும்னு ஒருத்தருக்க பேரை ஒட்டினா, ரிப்போர்ட் அவருக்குத்தான் போகும். பெறகு யாரு வந்து சொன்னாலும் நிக்காது."

"இது ரத்தமில்ல லிபி."

"தெரியும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, போனக்காட்டுப் படத்தின் முன் குனிந்து, பெயர்ச்சீட்டின் ஒரு ஓரத்தை நகத்தால் தூக்கினாள். பசை இன்னும் காயவில்லை. சீட்டு முழுசாக வந்தது.

"நீ எதுக்கு இதுல வாற?" என்றான் ரதீஷ். "இது எங்க அப்பா அம்மா காரியம்."

"மாமி என்னைத்தானே கூட்டிட்டு வந்தாங்க."

அவள் அடுத்த படத்துக்குப் போனாள். மூன்றாவது சீட்டை அவள் எடுக்கும்போது நான்காவதை, கல்லாற்றுப் படத்தினுடையதை, வேலாயுதன் எடுத்துவிட்டிருந்தார். ஐந்தாவது படத்தின் முன் ராஜமணி நின்றிருந்தார். அது வித்துரா சந்தை. லிபி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா."

அவர் அவளைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். ஒதுங்கி வழி விட்டார்.

"ஒட்டும்போது பாத்து ஒட்டணும்" என்றார். "எனக்க பேரு அங்கயே வரும்."

"பாப்போம்" என்றார் பின்னாலிருந்து செல்லபாய்.

ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. செல்லபாய் பட்டுச்சேலைக்கு வீட்டுக்குப் போகவில்லை. கைத்தறியிலேயே குத்துவிளக்கின் ஒரு திரியை ஏற்றினார். சேஷன் தன் வரவேற்புரையில் பாதியை விட்டுவிட்டார். 'வீட்டின் வண்ணங்கள்' அட்டை சின்ன அறை வாசலில் இல்லை. அதை யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. ரதீஷின் சட்டைப்பையில் ஒரு மூலை வெளியே தெரிந்தது. லிபி பார்த்தாள். அவனும் அவள் பார்ப்பதைப் பார்த்தான்.

மங்கலம் மெலிந்த உடம்பும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். விளக்கு ஏற்றியதும் பேச்சை ஒதுக்கிவிட்டுச் சுவரை நோக்கி நடந்தார். கேமராக்கள் பின்னால் நகர்ந்தன. கல்லாற்றுப் படத்தின் முன் அவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, கிட்டப் போய், முதுகெலும்பின் கணுக்களைப் பார்த்தார். பிறகு படத்தின் கீழே பெயர்ச்சீட்டைத் தேடினார்.

"பேரைக் காணோமே. இது யாரு பண்ணினது?"

கூட்டம் ராஜமணியைப் பார்த்தது. பழக்கம்.

ராஜமணி தொண்டையைச் செருமினார். டி.வி.க்காரரின் விளக்கு அவர் முகத்தில் விழுந்தது. ரதீஷ் லிபியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பின்னால நின்னு பேசினது நான்" என்றார் ராஜமணி. "வரைஞ்சது இவ. செல்லபாய்."

விளக்கு நகர்ந்தது. செல்லபாய் கண்ணைச் சுருக்கவில்லை. முகத்தைத் தாழ்த்தவும் இல்லை.

"படத்துல கையெழுத்து ராஜமணின்னு இருக்கே" என்றார் மங்கலம்.

"அதுவும் நான் போட்டதுதான்" என்றார் செல்லபாய். "அன்னைக்கு எனக்க பேரைப் போட எனக்கு அனுமதி இல்ல. இன்னைக்கு நான் யாரையும் கேக்கல்ல."

மங்கலம் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். படத்தை இன்னொரு முறை பார்த்தார். கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

மங்கலம் நகர்ந்தார். போனக்காட்டையும் வெள்ளத்தையும் தாண்டி, வித்துரா சந்தையின் முன் வந்தார். மழையில் நனைந்த மரச்சீனிக் கிழங்குக் குவியல்கள். தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடும் பெண்கள். அதன் கீழும் சுவர் வெறுமையாக இருந்தது. பசையின் தடம் மட்டும் ஒரு கட்டமாகத் தெரிந்தது.

"அப்போ இது?"

"நான்" என்றார் ராஜமணி.

"நான்" என்றார் செல்லபாய்.

ஒரே நேரத்தில். மங்கலம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ராஜமணி கைத்தடியைத் தரையில் அழுத்தி ஊன்றினார். செல்லபாய் ஒரு அடி முன்னால் வந்தார்.